வாயிலின் அளவு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நிந்தவூர், ஒலுவில், பாலமுனை ஆகிய ஊர்களைக் கடந்து அட்டாளைச்சேனையை அடைகிறது. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இரண்டுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் தென்னையும் வேம்பும் மாவும் பூவரசும் நிற்க, அவற்றினிடையே வீடுகள் நெருங்கி அமைந்துள்ளன. முன்னர் ஆசிரியர் கலாசாலையாலும் பின்னர் தேசிய கல்வியியற் கல்லூரியாலும் கல்வியுலகம் அறிந்த ஊர் இது. எனினும் இவ்வூரின் அறிவு முழுவதும் கலாசாலைச் சுவர்களுக்குள் அடங்கிவிடவில்லை. பெயர்ப்பலகை ஏதுமற்ற, தகரக் கூரையிட்ட சிறு பட்டறையொன்றிலும் அதன் ஒரு கூறு பல்லாண்டுகளாகக் குடியிருந்து வருகிறது.

அப்பட்டறைக்கு உரியவர் அறுபது வயதைக் கடந்தவர். ஊரார் அவரைப் ‘பாஸ் காக்கா’ என்றே அழைப்பர். இளமையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்துவார் ஒருவரிடம் கையாளாக நின்று தொழில் பழகியவர். மோட்டார் சைக்கிள், வயலுக்கு மருந்து தெளிக்கும் இயந்திரம் எனப் பலவும் அவர் கையில் திருந்தியுள்ளன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையிலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டது. சரிந்த தென்னைகளும் கூரை வளைகளும் பாதைகளை மறித்துக் கிடந்த அந்நாட்களில், கரையோரத்து மரம் அறுக்கும் இயந்திர வாள்கள் ஓய்வின்றி ஓடின. மணலும் உப்புநீரும் புகுந்து நின்றுபோன அவ்வாள்களைத் திருத்தப்போய்த்தான் அவர் இத்தொழிலுக்குள் நுழைந்தார். ‘செயின்சோ’ என்று நாடெங்கும் வழங்கும் அவ்வியந்திரமே இன்று அவரது முதன்மையான தொழிற்பொருளாகும்.

அவரிடம் வருவோருட் பெரும்பாலோர் கூலிக்கு மரம் அறுப்போர். வளவுகளில் வீட்டின்மேற் சாய்ந்து நிற்கும் தென்னையைத் தறிப்பதும், பட்ட வேம்பைத் துண்டாக்குவதும், விறகு அறுப்பதும் இவர்களின் நாளாந்த வேலை. கூலி வேலைக்கேயன்றி நேரத்துக்கு இல்லை. விரைந்து அறுக்கும் வாள் ஒரு நாளில் மூன்று வளவுகளை முடிக்கும். தளர்ந்த வாள் ஒன்றோடு நின்றுவிடும். ஆதலால், பழுதைத் திருத்தித் தரும்படி கேட்பதோடு அவர்கள் அமைவதில்லை. “காக்கா, ஓட்டையக் கொஞ்சம் பெரிசாக்கித் தாங்க” என்ற வேண்டுகோளும் கூடவே வரும்.

இவ்வேண்டுகோள் பெருகியமைக்குக் காரணம் பொருளாதாரத்திலேயே உளது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பொருள்கள் யாவும் விலையேறின. சமையல் எரிவாயு கிடையாமையால் பல வீடுகள் மீண்டும் விறகை நாடின; பெற்றோல் நிரப்பு நிலையங்களின் முன்னே வரிசைகள் நீண்டன. விறகுக்குத் தேவை மிகுந்த அந்தக் காலத்திலேயே பெரிய வாளொன்றைப் புதிதாக வாங்குதல் கூலியாளனுக்கு எட்டாத காரியமாயிற்று. கையிலிருக்கும் சிறிய வாளிடமே பெரிய வாளின் வேலையைக் கேட்க வேண்டிய நிலை உண்டாயிற்று. நெருக்கடி ஓரளவு தணிந்த பின்னரும் புதிய வாளின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, வேண்டுகோளும் நிற்கவில்லை.

‘ஓட்டை’ என்று கூலியாளர் சொல்வது யாது? செயின்சோவின் எஞ்சின் இருவீச்சு எஞ்சின் ஆகும். அதில் வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரில் வெட்டப்பட்ட வாயில்களே அவற்றின் வேலையைச் செய்கின்றன. அவ்வாயில்களுக்குப் பிஸ்டனே கதவு. பிஸ்டன் மேலேறும்போது அதன் அடியிலுள்ள கிராங்க் பெட்டியினுள் வெற்றிடம் உண்டாகி, உள்ளெடுப்பு வாயில் வழியே பெற்றோலும் எண்ணெயும் காற்றும் கலந்த கலவை உட்புகுகிறது. மேலே தீப்பொறி பட்டுக் கலவை எரிந்ததும் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அவ்வாறு இறங்கும் வழியில் முதலில் வெளியேற்று வாயில் திறக்கிறது. எரிந்த புகை வெளியே பாய்கிறது. சற்றுக் கீழே இறங்கியதும் பக்கங்களிலுள்ள கடத்து வாயில்கள் திறந்து, கிராங்க் பெட்டியில் அமுங்கியிருந்த புதுக்கலவை மேலே ஏறிச் சிலிண்டரை நிரப்புகிறது. பிஸ்டன் மீண்டும் மேலேறி வாயில்களை மூடுகிறது. 50 மில்லிமீற்றர் விட்டமும் 36 மில்லிமீற்றர் வீச்சும் கொண்ட ஓர் எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 70 கன சென்ரிமீற்றர். ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் அளவு. நிமிடத்துக்கு 12,000 தடவை அது சுழலும்போது, மேற்சொன்ன செயல்கள் அனைத்தும் ஒரு நொடியில் 200 தடவை நிகழ்ந்து முடிகின்றன.

இவ்வளவு குறுகிய நேரத்தில் புகை வெளியேறவும் புதுக்கலவை உட்புகவும் வேண்டுமாயின், வாயிலின் அகலமும் உயரமுமே எஞ்சினின் வலுவை முடிவுசெய்யும் என்பது வெளிப்படை. வெளியேற்று வாயிலின் மேல்விளிம்பை உயர்த்தினால் அது முன்னதாகத் திறக்கும். மேற்குறித்த அளவுள்ள எஞ்சினில் ஒரு மில்லிமீற்றர் உயர்த்துதல் என்பது, கிராங்க் தண்டின் சுழற்சியில் ஏறத்தாழ மூன்றரைப் பாகை முன்னதாகத் திறத்தல் ஆகும். வேகமாகச் சுழலும்போது அதனால் வலு பெருகும். ஆனால் முன்னதாகத் திறக்கும் வாயில் பிந்தியே மூடும். மூடும்வரை கலவை அமுக்கப்படுவதில்லை. ஆதலால் மெதுவாகச் சுழலும்போது எஞ்சின் வலுவிழக்கும். ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் குறையும் இந்த நியதியிலிருந்து, வாயிலின் உயரம் மாறாத இருவீச்சு எஞ்சின் எதுவும் தப்புவதில்லை.

இவ்வாயில்களின் வரலாறும் பட்டறையொன்றிலேயே தொடங்குகிறது. 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே என்பார் கிராங்க் பெட்டியிலேயே கலவையை அமுக்கும் எஞ்சினை உருவாக்கினார். அதில் வால்வு இன்னும் எஞ்சியிருந்தது. அடுத்த ஆண்டு அவரிடம் தொழிலாளியாக இருந்த பிரெடெரிக் கொக் என்பவரே, பிஸ்டனின் கீழ்விளிம்பைக் கொண்டு உள்ளெடுப்பு வாயிலைத் திறந்து மூடும் முறையைக் கண்டு அந்த வால்வையும் தேவையற்றதாக்கினார். 1920களின் நடுப்பகுதியில் ஜேர்மனியரான அடொல்ஃப் ஷ்நூர்லே, கடத்து வாயில்களைச் சாய்த்து வைத்து, புதுக்கலவை வெளியேற்று வாயிலை விட்டு விலகி எதிர்ச்சுவரில் மோதி மேலெழும்படி செய்தார். இன்றைய செயின்சோக்களும் அந்த முறையைப் பின்பற்றுவனவே.

வாயிலை எவ்வளவு தூரம் பெருக்கலாம் என்பதை எல்லைவரை சென்று பார்த்தவர்கள் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்கள். கிழக்கு ஜேர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்ற்றர் காடன் என்ற பொறியியலாளர் 1961ஆம் ஆண்டளவில் 125 கன சென்ரிமீற்றர் எஞ்சினொன்றிலிருந்து 25 குதிரைவலுவைப் பெற்றார். லீற்றருக்கு 200 குதிரைவலு என்ற அந்த அளவு, காற்றை அமுக்கி ஊட்டாத எஞ்சின்களில் அதுவரை எட்டப்படாதது. அவ்வாண்டு செப்டெம்பரில் சுவீடனில் நடந்த போட்டியில் உலகப்பட்டத்தை அண்மித்திருந்த ஏர்ன்ஸ்ற் டெக்னர், எஞ்சின் பழுதுற்று இடைநடுவே விலக நேர்ந்தது. அப்போட்டியோடு நாட்டைவிட்டு வெளியேறிய அவர், பின்னர் ஜப்பானின் சுசுக்கி நிறுவனத்திற் சேர்ந்தார்; காடனின் நுட்பங்களும் அவரோடு அங்கு சென்றன. பந்தய எஞ்சின் ஒரு போட்டியை முடித்தாற் போதும். மறுநாளே அதைப் பிரித்துப் புதிய பிஸ்டன் இடலாம். மரம் அறுப்பவனின் எஞ்சினுக்கு அத்தகைய மறுநாள் இல்லை. பந்தயத்தில் சரியான அளவு பட்டறையிற் பிழையாவதற்குக் காரணம் இதுவே.

பாஸ் காக்கா இப்பெயர்கள் எதனையும் அறியார். அவரது முறை கண்ணாலும் கையாலும் வளர்ந்தது. வாள் வந்ததும் முதலில் இழுகயிற்றை மெதுவாக இழுத்துப் பார்ப்பார். கை உணரும் எதிர்ப்பே சிலிண்டரின் அமுக்கத்தை அவருக்குச் சொல்லும். பிறகு காற்று வடியைக் கழற்றுவார். இக்கரையோரத்து நுண்மணல் அதனைத் தாண்டி உட்சென்றிருந்தால், வாயிலைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அடுத்துப் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே மெல்லிய ஈயக்கம்பியொன்றைச் செலுத்தி, பிஸ்டன் அதனை நசுக்கும்படி ஒருமுறை சுழற்றுவார். நசுங்கிய கம்பியின் தடிப்பே பிஸ்டனுக்கும் சிலிண்டர் முடிக்கும் இடையிலுள்ள இடைவெளி. ஒரு மில்லிமீற்றர் அளவில் இருக்கும் அந்த இடைவெளியை, சிலிண்டரின் அடியிலுள்ள கெஸ்கட்டை நீக்கி அரை மில்லிமீற்றருக்குக் கொண்டுவருவார். அமுக்கம் கூடும். வாயிலில் கைவைக்கு முன்னரே வாளுக்கு வலுவேறும்.

அதன் பின்னரே கைக்கிரைண்டரை எடுப்பார். வெளியேற்று வாயிலின் மேல்விளிம்பு எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு அவரிடமிருந்த அளவுகோல் ஓர் ஈர்க்கு. தென்னோலையிலிருந்து கிழித்த அந்த ஈர்க்கைப் பிளக் துளையால் உள்ளே விட்டு, பிஸ்டன் வாயிலைத் திறக்கும் கணத்தில் நகத்தாற் கீறி அடையாளமிடுவார். வகைக்கொரு ஈர்க்காகத் தகரப் பேணியொன்றில் அவை நின்றன. அகலத்துக்கும் அவரிடம் வரம்பு இருந்தது. சிலிண்டர் விட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டி அவர் வெட்டியதில்லை. வாயிலைக் கடக்கும்போது பிஸ்டனின் ரிங் வெளியே பிதுங்க முனையும். அகலம் மிகுந்தால் பிதுக்கமும் மிகும். மேலேறும்போது ரிங் விளிம்பிற் சிக்கும். நொடிக்கு 200 தடவை சிக்கும் ரிங் எத்தனை நாள் தாங்கும்? வெட்டி முடிந்ததும் விளிம்பு முழுவதையும் உருட்டி மழுப்புவதில், வெட்டுவதற்கு எடுத்ததைவிடக் கூடிய நேரத்தைச் செலவிடுவார். சிலிண்டரின் உட்பூச்சு நிக்கலும் சிலிக்கன் காபைட்டும் சேர்ந்த கடினப் படலம். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கே. கிரைண்டரை ஒருகணம் அழுத்திப் பிடித்தால் அது செதிலாக உரிந்துவிடும்.

இறுதியாகச் சைலன்சரின் வாயைச் சற்று அகலமாக்கி, காபரேட்டரைத் திருப்பிச் செப்பம் செய்வார். புகை இலகுவாக வெளியேறும் எஞ்சினுக்கு முன்னைவிடக் கூடுதலான பெற்றோல் வேண்டும். அதைக் கொடாவிட்டால் கலவை வறண்டு, பிஸ்டன் சூடேறி, வெளியேற்று வாயிற் பக்கத்தில் உருகிக் கோடு விழும். முழுவேகத்தில் மரத்தைத் தொடாது ஓடும்போது வாள் சற்றே தடுமாறிக் கரகரக்க வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு நீங்கித் தெளிய வேண்டும். அவ்வொலியைக் கேட்ட பின்னரே வாளை உரியவரிடம் ஒப்படைப்பார். கூடவே, ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 25 மில்லிலீற்றர் எண்ணெய் என்ற கணக்கையும் சொல்லியனுப்புவார்.

அவருக்கு ஒரே மகன். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் பயின்றவன். பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய புள்ளி கிடையாது போகவே தகப்பனோடு பட்டறையில் நின்றான். கைபேசியில் வெளிநாட்டார் வாள் ஓட்டும் காட்சிகளைக் கண்டவன். பெருமரத்தை ஒரு மூச்சில் ஊடுருவும் அவ்வாள்களின் முன், ஈர்க்கால் அளந்து மயிரிழை மயிரிழையாய் வெட்டும் தகப்பனின் வேலை அவனுக்கு அச்சமுள்ளவனின் வேலையாகத் தோன்றியது. அதனை அவன் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் அவ்வீட்டில் இல்லை.

ஒருநாள் கோணாவத்தைப் பக்கத்திலிருந்து மரம் அறுக்கும் கூலியாளர் ஒருவர் தமது வாளைக் கொண்டுவந்தார். நான்கு பிள்ளைகளின் தகப்பன். அந்த வாளே அவரது முதல் முழுவதும். “வாழத்தண்ட அறுக்கிற மாதிரி அறுக்கணும் காக்கா” என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். அக்கிழமை பாஸ் காக்கா காய்ச்சலில் விழுந்தார். மகன் தனியே நின்று வேலையை முடித்தான். வெளியேற்று வாயிலை இரண்டு மில்லிமீற்றர் உயர்த்தினான். 32 மில்லிமீற்றராக இருந்த அகலத்தை 38 ஆக்கினான். வாள் ஓடியபோது எழுந்த கூச்சல் அயலாரை வெளியே அழைத்தது. உரியவரும் மகிழ்ந்து, பேசிய கூலிக்கு மேலாகவே கொடுத்துச் சென்றார்.

மகிழ்ச்சி மூன்று கிழமை நீடித்தது. அந்த வாள் மெல்லிய கிளையில் விரைந்து பாய்ந்தது. தடித்த அடிமரத்தில் சற்று அழுத்தினாலோ மூச்சடைத்து நின்றது. நின்றுவிடாதிருக்க அவர் எந்நேரமும் முழுவேகத்திலேயே அதனை ஓட்டினார். முதிர்ந்த தென்னையின் வைரமேறிய புறத்தண்டு சங்கிலிப் பற்களை விரைவில் மழுக்கவல்லது. மழுங்கிய சங்கிலியோடும் அவர் ஓட்டினார். ஒரு காலையில் தென்னையொன்றின் பாதித் தண்டு அறுபட்ட நிலையில் எஞ்சின் கிறீச்சிட்டு இறுகியது. மரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கயிறு கட்டி, ஆள்சேர்த்துக் கைவாளால் மீதியை அறுத்து வீழ்த்தினர். எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் நொடிக்கு 22 மீற்றர் வேகத்தில் ஓடும் சங்கிலியைக் கையிற் பிடித்து நிற்பவனுக்கும், சாயும் மரத்தின் கீழிருக்கும் வீட்டாருக்கும், எஞ்சினின் நம்பகம் என்பது உயிரோடு ஒட்டிய விடயம் என்பதை அக்காலை உணர்த்திற்று.

வாள் பட்டறைக்கு வந்தபோது பாஸ் காக்கா எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். சைலன்சரைக் கழற்றி வாயிலூடாகப் பார்த்தார். ரிங் முறிந்து, அதன் துண்டு பிஸ்டனின் தலையையும் சிலிண்டர்ச் சுவரையும் உழுதிருந்தது. வாயிலின் விளிம்பில் விரலை வைத்துத் தடவினார். அது கூராகவே இருந்தது. அப்பட்டறையில் அந்த விளிம்பை மழுப்பாது விடும் கை எதுவென்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நான்தான் வெட்டின வாப்பா. நீங்க விடுற அளவு காணாதெண்டு நெனச்சன்” என்றான் மகன்.

வாளுக்கு உரியவர் அருகே நின்றிருந்தார். பழுதுக்கு வேறு காரணங்களைக் காட்டுதல் கடினமன்று. மழுங்கிய சங்கிலி, எந்நேரமும் முழுவேக ஓட்டம் என்பனவெல்லாம் உண்மையும்கூட. அவற்றுள் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர் ஏற்றுக்கொண்டு போயிருப்பார். மரம் அறுப்பவர் சிலிண்டரின் உட்புறத்தை அறிவதில்லை. பாஸ் காக்கா அவரிடம், “தம்பி, பிழை எங்கட கையில. ஒங்கட மெசின நான் புதுசாக்கித் தாறன். அதுவரைக்கும் என்ட மெசினக் கொண்டுபோய் வேலயப் பாருங்க” என்றார். அவர் சென்றபின் மகனிடம் சொன்னது சில சொற்களே. “அது கூலிக்காரன்ட மெசின் மகன். நம்பித் தந்த அமானிதம். அதுல படிக்க ஏலா.”

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து புதிய சிலிண்டரும் பிஸ்டனும் பஸ்ஸில் வருவிக்கப்பட்டன. அவற்றின் விலை பட்டறையின் பல நாள் வருவாயை விழுங்கியது. வீட்டுக் கூரையின் ஒழுக்கைத் திருத்த ஒதுக்கியிருந்த பணம் அதற்குப் போயிற்று. அவ்வாண்டு மாரியில் அவ்வீட்டார் குந்துக்குள் வாளி வைத்தே மழையைக் கழித்தனர்.

புதிய சிலிண்டரைத் தகப்பனே வெட்டினார். மகன் அருகிருந்து பார்த்தான். வேலை முடிந்ததும் பட்டறையின் மூலையிற் கிடந்த பெட்டியொன்றை இழுத்து மகன் முன் வைத்தார். கழித்துப்போட்ட பழைய சிலிண்டர்கள் அதில் நிறைந்திருந்தன. “படிக்கிறெண்டா இதுல படி” என்றார்.

மகன் படித்தது தன் வழியிலேயே. தடித்த காகிதத்தில் வட்டம் வரைந்து 360 பாகைகளைக் குறித்து, பழைய எஞ்சினொன்றின் கிராங்க் தண்டில் அதனைப் பொருத்தினான். பெட்டியிலிருந்து ஒரே வகை வாளின் ஐந்து சிலிண்டர்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றாகப் பூட்டி, வாயில் திறக்கும் பாகையை அளந்தான். அவை யாவும் வெவ்வேறு ஆண்டுகளில் தகப்பன் வெட்டியவை. தொழிற்சாலையிலிருந்து வரும் அவ்வகைச் சிலிண்டரில், பிஸ்டன் உச்சியிலிருந்து 102 பாகை கடந்ததும் வெளியேற்று வாயில் திறக்கும். தகப்பனின் சிலிண்டர்கள் ஐந்தும் 99க்கும் 100க்கும் இடையிலே திறந்தன. ஐந்தினிடையேயும் வேறுபாடு ஒரு பாகைக்கு மேற்படவில்லை. அவன் கெடுத்த சிலிண்டரோ 95இல் திறந்தது. அச்சமுள்ளவனின் வேலை என்று அவன் எண்ணியது, நகக்கீறலால் பாகைக்குள் நின்ற வேலை என்பதை அன்று கண்டான்.

அளவீடு தகப்பனின் பிழையொன்றையும் காட்டிற்று. அடிக் கெஸ்கட்டை நீக்கும்போது சிலிண்டர் முழுவதும் அரை மில்லிமீற்றர் தாழ்கிறது. வெளியேற்று வாயிலை அவர் மீண்டும் உயர்த்திவிடுவார். கடத்து வாயில்களைத் தொடாமலே விட்டுவந்தார். ஆகவே அவை 122 பாகைக்குப் பதிலாக ஏறத்தாழ 124இல் திறந்தன. புதுக்கலவைக்குக் கிடைக்கும் நேரம் இருபுறமும் குறைந்தது. இதனை மகன் காகித வட்டத்தில் காட்டினான். முதலில் அவர் ஒப்பவில்லை. கடத்து வாயிலின் சாய்வைக் கெடுத்தால் எஞ்சினே கெடும் என்ற எச்சரிக்கை அவர் தம் ஆசானிடமிருந்து பெற்றது, அது சரியானதுங்கூட. சாய்வைத் தொடாது, மேல்விளிம்பை மாத்திரம் அரை மில்லிமீற்றர் உயர்த்தலாம் என்றான் மகன். சில நாள் யோசித்த பின், தமது சொந்த வாளின் சிலிண்டரை அவனிடம் கொடுத்தார். அது திரும்பி வந்ததும் பாலைக் குற்றியொன்றில் வைத்து அழுத்திப் பார்த்தார். அடிவலு கூடியிருந்தது. “சரிதான்” என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அப்பட்டறையில் கடத்து வாயில்களும் உயர்ந்தன.

வலுப்பெற்ற வாள் எங்கே போகிறது என்ற வினாவும் அப்பட்டறையில் இல்லாமலில்லை. பலா மரத்தைத் தறிக்க அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. காடழிப்பைத் தடுக்கும் நோக்குடன், செயின்சோக்களைப் பொலிஸ் நிலையத்திற் பதிவுசெய்ய வேண்டும் என்று 2019இல் அரசாங்கம் பணித்தது. பதிவுத்துண்டைக் காட்டாதவரின் வாளைப் பாஸ் காக்கா திறப்பதில்லை. அதனால் மட்டும் காடு காக்கப்பட்டுவிடும் என்று அவர் எண்ணுபவரல்லர். பதிவுள்ள வாளும் இரவில் காட்டுக்குள் போகக்கூடும். வலுவைக் கொடுப்பவனுக்கு அவ்வலுவின் போக்கிலும் ஓரளவு பொறுப்புண்டு என்ற உணர்வே அவரை அத்துண்டைக் கேட்க வைக்கிறது.

இந்நாட்டின் பட்டறைகளிலும் வள்ளத்துறைகளிலும் வயல்களிலும் இத்தகைய அறிவு எழுதப்படாமலே இருந்து, உரியவரோடு மறைந்துபோகிறது. பல்கலைக்கழகங்கள் அதனை அறிவென்று எண்ணத் தயங்குகின்றன. பட்டறைகளோ எழுத்தை நம்பத் தயங்குகின்றன. ஈர்க்கும் காகித வட்டமும் ஒரே மேசையில் வைக்கப்பட்டபோது இரண்டுமே திருந்தின என்பது சிறு நிகழ்ச்சியாயினும் சிந்திக்கத்தக்கது.

இப்பொழுது அப்பட்டறையில் ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு வாளின் வகையும், வெட்டுமுன் இருந்த பாகையும், வெட்டியபின் உள்ள பாகையும், வாயிலின் அகலமும் மகனின் கையெழுத்தில் அதிற் பதியப்படுகின்றன. கொப்பியைத் தொடங்கிய நாளில் தகப்பனின் ஐந்து சிலிண்டர்களையே முதலில் எழுத அவன் முற்பட்டான். பாஸ் காக்கா தடுத்து, முறிந்த ரிங்கோடு தட்டில் வைத்திருந்த சிலிண்டரை எடுத்து அவன் முன் வைத்தார். “கெட்டத முதல்ல எழுது மகன். பொறகு வாறவன் அதத்தான் தேடுவான்” என்றார். முதற்பக்கத்தில் 95 என்ற எண்ணும் 38 என்ற எண்ணும் உள்ளன.